சென்னையில் பழைய அடுக்குமாடியை இடித்துப் பசுமைக் கட்டடமாக எழுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1980களில் கட்டிய மூன்று மாடி ஃபிளாட்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. உங்கள் கட்டடமும் அந்த வரிசையில் இருந்தால், சங்கத்தில் பொறுப்பில் இருப்பவராக நீங்கள் எதை, எந்த வரிசையில் செய்யவேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. என் சங்கத்தில் இந்த வேலையை ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்தேன். அதற்குப் பிறகு பக்கத்துத் தெருச் சங்கங்கள் வந்து கேட்கும்போதெல்லாம் அதே இடங்களில் தடுக்கி விழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெரும்பாலான சங்கங்கள் முதலில் பில்டரைப் பிடிக்கிறார்கள், சதுர அடிக்குப் பேரம் பேசுகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். அப்புறம் ஒரு கூட்டத்தில் யாரோ எழுந்து “சோலார் வைப்பீங்களா, மழைநீர் எப்படி?” என்று கேட்கிறார்கள். அதற்குள் வரைபடம் முடிந்துவிட்டது, விலை முடிந்துவிட்டது. அதன்பிறகு கிடைப்பதெல்லாம் வாசலில் நாலு செடியும் மாடியில் வெள்ளைப் பெயின்ட்டும்தான். பசுமைக் கட்டடத்தின் முக்கால்வாசி வேலை கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே காகிதத்தில் முடிந்துவிடுகிறது, அதனால் கீழே பாதிக்கு மேல் காகித வேலையாகவே இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

கணக்குகளுக்காக ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: 6 கிரவுண்ட் மனை (14,400 சதுர அடி), 24 வீடுகள், வீட்டுக்கு 900 சதுர அடி, முன்னால் 30 அடிச் சாலை.

1. இடிக்கத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

ஒரு கட்டடத்தின் சிமென்டும் கம்பியும் செய்யும்போதே எரிபொருளை எரித்துவிட்டன. அதை இடித்துவிட்டுப் புதிதாக எத்தனை பசுமையாகக் கட்டினாலும் அந்தக் கடனைத் தீர்க்க ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை, எந்த பில்டரும் பரிந்துரைக்காத ஒருவரை, சங்கமே காசு கொடுத்து அமர்த்துங்கள்.

காங்கிரீட்டின் உறுதியைப் பார்க்கும் ரீபௌண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகள், தேவைப்பட்டால் கோர் (காங்கிரீட்டில் துளைத்தெடுக்கும் துண்டு) எடுத்துப் பார்ப்பது, கம்பி எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்ப்பது, இவ்வளவும் அறிக்கையில் இருக்கவேண்டும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்றால் கம்பி ஊதி, கூரைப் பூச்சு பெயர்ந்து விழுவது சகஜம். பூச்சு விழுவதை மட்டும் வைத்து இடிக்கும் முடிவுக்குப் போகாதீர்கள், தூணும் உத்தரமும் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

பழுதுபார்த்தால் இன்னும் 20 ஆண்டு தாங்கும் என்று அறிக்கை சொன்னால், லிஃப்ட், சோலார், மழைநீர், குழாய் மாற்றம் எல்லாவற்றையும் பழைய கட்டடத்திலேயே செய்யலாம். உண்மையில் அதுதான் அதிகப் பசுமை. தாங்காது என்று சொன்னால் அந்த அறிக்கையே அடுத்த படிக்கான ஆயுதம், தயங்குகிறவர்களிடம் நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

2. பத்திரமும் சம்மதமும்

ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் பத்திர நகல், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, வங்கிக் கடன் இருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை வாங்கி ஒரே ஃபைலில் சேருங்கள். பத்திரங்களில் உள்ள யுடிஎஸ் (ஒவ்வொரு வீட்டுக்கும் மனையில் உள்ள பிரிக்கப்படாத நிலப்பங்கு) அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை மனையின் மொத்தப் பரப்போடு ஒத்துப்போகாத கட்டடங்கள் நிறைய. பழைய பில்டர் கொஞ்சம் நிலத்தைத் தன் பெயரிலேயே விட்டு வைத்திருப்பார், அல்லது பார்க்கிங்குக்கு என்று யாருக்கோ தனியாக எழுதிக் கொடுத்திருப்பார். இதை இப்போது கண்டுபிடித்தால் ஒரு திருத்தப் பத்திரத்தில் முடியும். பிறகு வெளிப்பட்டால் திட்ட அனுமதியே நிற்கும்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 என்பது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று அது சொல்கிறது. முன்பு ஒரே ஒரு வீட்டுக்காரர் மறுத்தாலும் எல்லாம் முடங்கிப்போகும். ஆனாலும் மீதி மூன்றில் ஒரு பங்கு பேரை ஓரம்கட்டிவிட்டு ஓடலாம் என்று நினைக்காதீர்கள், பத்திரப் பதிவும் வங்கியும் என்று வரும்போது ஒவ்வொரு கையெழுத்தும் தேவைப்படும். மறுக்கிறவர்கள் பெரும்பாலும் தனியாக இருக்கும் வயதானவர்கள். இரண்டரை ஆண்டு வாடகை வீட்டில் எங்கே போய் இருப்பது, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்குமா, திரும்பி வரும்வரை உயிரோடு இருப்போமா என்பதே அவர்கள் கவலை. வீடு தேடித்தருவது, சாமான் ஏற்றி இறக்குவது, அதே தெருவிலோ பக்கத்திலோ வாடகை பிடிப்பது, இதையெல்லாம் சங்கத்தின் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். சட்டத்தைக் காட்டுவதைவிட இது வேலை செய்யும், அதுதான் நியாயமும்கூட.

3. சாலையை அளந்து எஃப்எஸ்ஐ கணக்குப் போடுங்கள்

பத்திரத்தில் 30 அடிச் சாலை என்று இருக்கும், டேப் வைத்து அளந்தால் 27 அடிதான் இருக்கும். அளந்த அகலம்தான் கணக்கு. சர்வேயரை வைத்து இரண்டு மூன்று இடங்களில் அளந்து வரைபடமாக வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரண எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2.0. முன்பு சென்னையில் இது 1.5 ஆக இருந்தது. அதற்கு மேல், அரசுக்குக் கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம், அந்த அளவைச் சாலை அகலம் தீர்மானிக்கிறது: 9 மீட்டர் முதல் 12 மீட்டருக்குள் இருந்தால் 30 விழுக்காடு, 12 முதல் 18 மீட்டருக்குள் 40 விழுக்காடு, 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 விழுக்காடு.

நம் உதாரணத்தில் பழைய கட்டடம் 14,400 × 1.5 = 21,600 சதுர அடி. 30 அடி என்பது 9 மீட்டருக்குச் சற்று மேல், ஆகவே 2.0-உடன் அதில் 30 விழுக்காடு (0.6) சேர்த்து இப்போது 14,400 × 2.6 = 37,440 சதுர அடி கட்டலாம். இந்தக் கூடுதல் 15,840 சதுர அடியை விற்று வருவதுதான் எல்லாவற்றுக்கும் பணம். பில்டரின் லாபம், உங்கள் வாடகை, பிரீமியம் கட்டணம், கட்டுமானச் செலவு, பசுமை ஏற்பாடுகள் எல்லாம் இதிலிருந்துதான் வரவேண்டும். வீட்டுக்கு 100 சதுர அடி கூடுதலாகக் கேட்டால் 24 வீட்டுக்கு 2,400 சதுர அடி போய்விடும், அதில் வீட்டுக்கு 50 சதுர அடியை விட்டுக்கொடுத்தால் அந்தப் பணத்தில் சோலாரும் இரட்டைக் குழாயும் (ஃப்ளஷ்ஷுக்குத் தனிக் குழாய்) நல்ல ஜன்னல்களும் வந்துவிடும். கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டுக் காட்டுங்கள். “பசுமைக்கு எங்கேயிருந்து காசு?” என்ற கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

4. பில்டரைப் பார்ப்பதற்கு முன் பசுமைத் தேவைகளை எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். சங்கத்தின் செலவில் ஒரு கட்டடக்கலைஞரை இரண்டு மாதத்துக்கு அமர்த்தி, எட்டுப் பத்துப் பக்கத்தில் தேவைக் குறிப்பு ஒன்று தயார் செய்யுங்கள். அதே குறிப்பை எல்லா பில்டர்களுக்கும் கொடுத்தால்தான் அவர்கள் சொல்லும் விலைகளை ஒப்பிட முடியும். குறிப்பு இல்லாமல் கேட்டால் ஒவ்வொருவரும் தனக்கு வசதியானதைச் சேர்த்து, மற்றதை விட்டு, ஒரு தொகை சொல்வார்கள்.

பசுமைக் கட்டடம் என்ற மதிப்பீட்டுச் சான்று வேண்டுமா என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் (ஐஜிபிசி) வீடுகளுக்கென்றே கிரீன் ஹோம்ஸ் மதிப்பீடு வைத்திருக்கிறது. சான்று, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள். கிரிஹா என்பது டெரி நிறுவனமும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கியது, 2,500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கு ஸ்வாகிரிஹா என்ற எளிய வடிவமும் உண்டு. எட்ஜ் என்பது உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி நடத்துவது. மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருட்களைத் தயாரிப்பதில் வெளியாகும் கார்பன் மூன்றிலும் குறைந்தது 20 விழுக்காடு மிச்சம் காட்டவேண்டும்.

என் கருத்து: 30, 40 வீடுள்ள கட்டடத்துக்கு எட்ஜ் அல்லது ஐஜிபிசி போதும். பிளாட்டினத்துக்காக அலையவேண்டாம். புள்ளி சேர்ப்பதற்காகச் சைக்கிள் நிறுத்தமும் அறிவிப்புப் பலகையும் வைப்பதைவிட, ஜன்னலையும் தண்ணீரையும் சரியாகச் செய்து வெள்ளி வாங்குவது வாழ்கிறவர்களுக்கு நல்லது. சான்று எதற்கு என்றால், வெளியிலிருந்து ஒருவர் வந்து சரிபார்ப்பார், அவ்வளவுதான். சில வங்கிகள் சான்று பெற்ற வீட்டுக்கு வட்டியில் சிறு சலுகை தருகின்றன, உங்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

5. ஒப்பந்தத்தில் எண்களாக எழுதுங்கள்

கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும் வரி: “மழைநீர் சேகரிப்பு வசதி அமைத்துத் தரப்படும்.” இதை வைத்து எதையும் கேட்க முடியாது, ஒரு குழியில் ஜல்லியைக் கொட்டிவிட்டு முடித்துவிட்டோம் என்பார்கள்.

இப்படி எழுதுங்கள்: மொட்டைமாடி முழுவதன் மழைநீரும் வடிகட்டி வழியாக 20,000 லிட்டர் தனிச் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டி) சேரவேண்டும், நிரம்பி வழிவது 3 அடி விட்டமும் 15 அடி ஆழமும் உள்ள இத்தனை உறைக்கிணறுகளுக்குப் போகவேண்டும், இடங்கள் இணைப்பு வரைபடத்தில் உள்ளபடி. சோலார் என்றால் எத்தனை கிலோவாட், ஜன்னல் என்றால் திறக்கும் பரப்பு எவ்வளவு, சுவர் என்றால் என்ன கல், எத்தனை அங்குலம். “தரமான”, “நவீன”, “சூழலுக்கு உகந்த” போன்ற சொற்கள் ஒப்பந்தத்தில் எங்கே இருந்தாலும் அங்கே ஓர் எண்ணைப் போடமுடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

இன்னொன்று. வரைபட நிலையில் கிடைப்பது முன்சான்று, கட்டி முடித்து ஆவணங்களைச் சமர்ப்பித்த பிறகு கிடைப்பதுதான் இறுதிச் சான்று. முன்சான்றை வாங்கி விளம்பரத்தில் போட்டு விற்றுவிட்டு இறுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் வாசலில் தங்கச் சான்றுப் பலகை மாட்டியிருக்கிறது, இறுதிச் சான்று இன்றுவரை வரவில்லை. ஆகவே பில்டருக்குச் சேரவேண்டிய யுடிஎஸ்ஸில் கடைசி ஒன்றிரண்டு வீடுகளுக்கானதை இறுதிச் சான்று வந்த பிறகே எழுதிக் கொடுப்பது என்று விதி வையுங்கள், அல்லது வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். பில்டருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுக்கும்போது மொத்த நிலத்துக்கும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால் இந்தப் பிடி போய்விடும்.

6. வரைபடம்: வெயிலும் காற்றும்

சென்னை வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர், இங்கே காற்று ஓடினால்தான் வியர்வை காயும். மத்திய எரிசக்தி அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு எரிசக்தி விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. அதில் நம் ஊர் மாதிரித் தட்பவெப்பத்துக்குத் திறக்கும் ஜன்னல், கதவுகளின் பரப்பு உட்புறத் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு இருக்கவேண்டும் என்று உள்ளது. அதாவது ஆறில் ஒரு பங்கு.

120 சதுர அடி படுக்கையறை என்றால் 20 சதுர அடி திறக்கவேண்டும். பில்டர் 5 அடிக்கு 4 அடி ஜன்னல் போட்டு, இதோ 20 சதுர அடி என்று காட்டுவார். அது இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல், ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், 10 சதுர அடிதான் கணக்கு. வெளிப்பக்கம் திறக்கும் கதவுள்ள ஜன்னல் போட்டால் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். இந்த ஒரு மாற்றத்துக்காகச் சண்டை போடுவது தகும், ஏனென்றால் கட்டி முடித்த பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

அதே விதித்தொகுப்பு சுவர், ஜன்னல் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்கும் அளவு வைத்திருக்கிறது: சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. இந்தக் கணக்கைக் கட்டடக்கலைஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேற்குச் சுவரில் கண்ணாடியைக் குறைத்து, ஏஏசி பிளாக் போன்ற வெப்பம் கடத்தாத கல்லைப் போட்டு, எல்லா ஜன்னலுக்கும் இரண்டடி சன்ஷேட் வைத்தாலே பெரும்பாலும் அளவுக்குள் வந்துவிடும். முகப்பு அழகுக்காகச் சன்ஷேடை எடுத்துவிடும் வடிவமைப்புகள் இப்போது நிறைய வருகின்றன. மழைக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது, ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசி மாடிக்காரர்கள் ஏப்ரல், மே மாதங்களில் படும் பாட்டுக்குக் காரணம் மேல்தளம். வெதரிங் கோர்ஸுக்கு (மேல்தளத்தின் காப்பு அடுக்கு) கீழே வெப்பத்தடுப்புப் பலகை, மேலே வெள்ளை ஓடு என்று குறிப்பில் எழுதுங்கள். வெறும் வெள்ளைப் பெயின்ட் தூசு படிந்து சீக்கிரமே பழுப்பாகிவிடும்.

லிஃப்ட் அறையும் மேல்நிலைத் தொட்டியும் மாடியின் வடக்குப் பக்கம் இருக்கட்டும். தெற்கில் வைத்தால் அவற்றின் நிழல் சோலார் தகடுகள் மேல் விழும். வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தும் வேலைதான் இது, இப்போது செய்தால் செலவே இல்லை.

7. தண்ணீர்

முதலில் மனையில் பழைய கிணறு இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையின் பல பழைய மனைகளில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் மூடிய கிணறு ஒன்று இருக்கும். இடிப்பு ஆட்கள் முதல் நாளே அதில் கட்டட இடிபாட்டைத் தள்ளி மூடிவிடுவார்கள், அவர்களுக்கு அது குழி. அது உங்களிடம் இருப்பதிலேயே சிறந்த மழைநீர் சேகரிப்பு அமைப்பு. வரைபடத்தில் குறித்து, சுற்றி வேலி போட்டு, தூண்கள் அதன் மேல் வராமல் வடிவமைக்கச் சொல்லுங்கள்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. மொட்டைமாடி 600 சதுர மீட்டர் என்றால் ஆண்டுக்கு 8,40,000 லிட்டர் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 6,70,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஆனால் வடிவமைக்கவேண்டியது சராசரிக்கு இல்லை, ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்யும் நாளுக்கு: அன்றைக்கு மாடியில் மட்டும் 60,000 லிட்டர். 3 அடி விட்டம், 15 அடி ஆழம் உள்ள உறைக்கிணறு ஒன்றில் சுமார் 3,000 லிட்டர்தான் நிற்கும், மீதியை மண் உறிஞ்சிக்கொண்டே இருக்கவேண்டும். அதனால் மண்ணைப் பார்க்காமல் எத்தனை கிணறு என்று சொல்லவே முடியாது.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல், நீர் உடனே இறங்கும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்சம் கீழே போனால் பாறை. களிமண் பகுதிகளில் வெறும் குழி தோண்டினால் தண்ணீர் நின்று கொசுதான் வளரும், களிமண் அடுக்கைத் தாண்டி மணல் அடுக்கு வரை துளைபோட்டு இறக்கவேண்டும். கடைக்காலுக்காக எடுக்கும் மண் பரிசோதனை அறிக்கையிலேயே எந்த ஆழத்தில் என்ன மண் என்று இருக்கும், அதன் நகலைக் கேட்டு வாங்கி மழைநீர் வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் கட்டாயத்துக்காகத் தோண்டிய குழிக்கும் வேலை செய்யும் குழிக்கும் வித்தியாசம் இந்த அறிக்கையில்தான் இருக்கிறது.

அப்புறம் இரட்டைக் குழாய். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறது, அதில் 45 லிட்டர் கழிவறையில் ஊற்றுவது. புதிய கட்டடத்தில் 36 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் தினம் 6,480 லிட்டர் நல்ல தண்ணீர் ஃப்ளஷ்ஷில் போகிறது. ஃப்ளஷ் தொட்டிகளுக்குத் தனிக் குழாய் போட்டுவிட்டால் உப்பான போர் தண்ணீரையோ சுத்திகரித்த குளியலறை நீரையோ அதில் விடலாம். குளியலறை நீரையும் கழிவறை நீரையும் குழாய்கள் இறங்கும் ஷாஃப்டிலேயே தனித்தனிக் குழாயில் இறக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு மறுசுழற்சி செய்யாவிட்டாலும் பரவாயில்லை, பத்து ஆண்டு கழித்துச் செய்ய நினைத்தால் குழாய் தயாராக இருக்கும்.

சிறிய கட்டடத்தில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் வைக்கலாமா என்று கேட்பார்கள். நடத்த ஆள் இல்லாமல் ஆறு மாதத்தில் நாற ஆரம்பிப்பதையே அதிகம் பார்த்திருக்கிறேன். குளியலறை நீரை மட்டும் கல்வாழைப் பாத்தி வழியாக விட்டு மண்ணுக்குள் இறக்குவது எளிது, மோட்டார் கிடையாது, நாற்றம் கிடையாது. சமையலறை நீரை இதில் சேர்க்கக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு பாத்தியை அடைத்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் மீட்டர் வையுங்கள். லாரித் தண்ணீர்ச் செலவைச் சமமாகப் பிரிக்கும் வரை யாரும் குழாயை மூடமாட்டார்கள்.

அடித்தளத்தில் பார்க்கிங் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, குறிப்பாக 2015 வெள்ளத்தில் நீர் நின்ற பகுதிகளில். தோண்டும்போது மாதக்கணக்கில் நிலத்தடி நீரை இறைத்துக் கால்வாயில் விடவேண்டியிருக்கும், பிறகு ஒவ்வொரு மழைக்கும் பம்பை நம்பி வாழவேண்டும். ஸ்டில்ட் பார்க்கிங் (தரைமட்டத்தில் தூண்களுக்கு இடையே) போதும். மனையைச் சாலையைவிட ஏற்றும்போது உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகாமல் மதிலோரம் வடிகால் வையுங்கள்.

8. சூரிய மின்சாரம்

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி தேவை, சென்னையில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். முதலில் பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கு, எவ்வளவு யூனிட் ஆகிறது என்று பாருங்கள். 10 கிலோவாட் வைத்தால் மாதம் 1,200 யூனிட் வரை வரும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு, மின்வாகன சார்ஜிங் உட்பட, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். வீட்டுக்கு 3 கிலோவாட், மொத்தம் 500 கிலோவாட் என்ற வரம்பு உண்டு. 10 கிலோவாட்டுக்கு 1,80,000 ரூபாய். இந்த மானியத்துக்கு விண்ணப்பம் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின் இணைப்பில் போகவேண்டும், பதிவு பெற்ற விற்பனையாளர் வேண்டும், தகடு இந்தியத் தயாரிப்பாக இருக்கவேண்டும். பில்டர் தன் பெயரில் மலிவான தகடுகளை முன்பே மாட்டிவிட்டால் மானியம் போச்சு. ஒப்பந்தத்தில் தாங்கிகளும் குழாயும் மீட்டர் இடமும் பில்டர் பொறுப்பு, தகடு சங்கத்தின் வழியாக என்று பிரித்து எழுதுவது நல்லது.

தாங்கியை எட்டடி உயரத்தில் அமையுங்கள். கீழே துணி காயப்போடலாம், வடாம் பிழியலாம், சாயங்காலம் உட்காரலாம். தாழ்வாக வைத்தால் மாடி யாருக்கும் பயன்படாமல் போகும், அடுத்த பொதுக்குழுவில் முதல் சண்டை அதுவாகத்தான் இருக்கும். காற்றுக்குத் தாங்குமா என்ற கட்டமைப்புக் கணக்கைக் கேளுங்கள், 2016 வர்தா புயலில் பறந்தவை எத்தனையோ.

ஸ்டில்ட்டில் ஒவ்வொரு கார் நிறுத்தத்துக்கும் மின்வாகன சார்ஜருக்கான காலிக் குழாய் போட்டுவையுங்கள். வயர் பிறகு இழுத்துக்கொள்ளலாம்.

9. அனுமதி

திட்ட அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு முன் வரைபடத்தை மேலே சொன்ன குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டம் ஒன்று போடுங்கள். கிணறுகள், தனிச் சம்ப், சோலார் இடம், மரங்கள், குப்பை உரமாக்கும் இடம் எல்லாம் அனுமதி வரைபடத்திலேயே இருக்கவேண்டும். அதில் இருந்தால்தான் பணி நிறைவுச் சான்றுக்கு ஆய்வு வரும்போது கேள்வி எழும்.

மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ 8 வீட்டுக்கு மேல் இருந்தாலோ ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டும், நம் 6 கிரவுண்ட் 1,338 சதுர மீட்டர். பில்டர் வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்கவேண்டும், கட்டமைப்புக் குறை ஐந்தாண்டுக்குள் தெரிந்தால் அவரே சரிசெய்யவேண்டும். பதிவில் அவர் தரும் வசதிப் பட்டியலில் உங்கள் பசுமை ஏற்பாடுகளும் இடம்பெறச் செய்யுங்கள், பிறகு புதிதாக வாங்குகிறவர்களும் உங்களோடு சேர்ந்து கேட்பார்கள்.

சாலையோர மரம் மாநகராட்சியுடையது, வழியில் நிற்கிறது என்று பில்டர் இரவோடு இரவாக வெட்ட விடாதீர்கள். மனைக்குள் இருக்கும் மரங்களை அளந்து வரைபடத்தில் குறித்து, ஓரத்தில் உள்ளவற்றையாவது காப்பாற்றுங்கள்.

10. இடிப்பு

இடிப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளை முறையாகத் துண்டித்த பிறகே ஆரம்பிக்கவேண்டும்.

இடிபாடு எவ்வளவு வரும்? காங்கிரீட் கட்டடத்தில் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்பது வழக்கமான மதிப்பீடு. 21,600 சதுர அடி என்றால் 2,000 சதுர மீட்டர், ஆக 1,000 டன். 2016-ன் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளில் நாளைக்கு 20 டன்னோ, மாதத்துக்கு ஒரு திட்டத்தில் 300 டன்னோ தாண்டுபவர் தரம் பிரித்து, கழிவு மேலாண்மைத் திட்டம் கொடுத்து, ஒப்புதல் வாங்கவேண்டும் என்று இருந்தது. அவற்றின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ன் புதிய விதிகள்தான். எதன் கீழ் வந்தாலும் இந்த அளவு கழிவைக் கேட்பாரற்றுக் கொட்ட முடியாது.

வரிசை முக்கியம். முதலில் தேக்குக் கதவு, ஜன்னல், கிரில், குழாய், வயர், கடப்பா, ஓடு ஆகியவற்றைக் கையால் பிரித்தெடுக்கவேண்டும், பழைய சாமான் கடைகளில் இதற்கு நல்ல விலை. அடுத்து செங்கல் சுவர். கடைசியில்தான் இயந்திரம். ஒரே நாளில் ஜேசிபியை விட்டால் எல்லாம் கலந்து மண்ணாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. காங்கிரீட்டும் செங்கல்லும் பெருங்குடி அல்லது கொடுங்கையூரில் உள்ள கழிவுப் பதப்படுத்தும் நிலையத்துக்குப் போகவேண்டும், அங்கே அவை மீண்டும் ஜல்லியும் மணலுமாகின்றன. ஒவ்வொரு லாரிக்கும் எடைச் சீட்டு வாங்கி ஃபைலில் சேருங்கள், பசுமைச் சான்றுக்கும் அது தேவை. எடைச் சீட்டு இல்லாத லாரி பெரும்பாலும் ஏதோ ஓர் ஏரிக்கரையிலோ சதுப்பிலோதான் கொட்டியிருக்கும்.

சுற்றிலும் தகரத் தடுப்பும் பச்சைத் துணியும், நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்பும் வேண்டும். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கிறாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. கட்டும்போது யார் பார்ப்பது

சங்கத்திலிருந்து ஒருவர் வாரம் ஒருமுறை போய்ப் படம் எடுத்துவரவேண்டும். மறைந்துபோகிறவற்றை மறைவதற்கு முன் எடுங்கள்: கிணற்று உறைகள், மண்ணுக்குள் போகும் குழாய்கள், மேல்தள வெப்பத்தடுப்பு, ஷாஃப்டில் இரட்டைக் குழாய். பூசிய பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வழக்கமாக நடக்கும் மாற்றங்கள் மூன்று. ஏஏசி பிளாக் என்று எழுதியிருக்கும், கிடைக்கவில்லை என்று வேறு கல் வரும். வெளியே திறக்கும் ஜன்னல் ஸ்லைடிங்காக மாறும். உறைக்கிணற்றின் ஆழம் 15 அடியிலிருந்து எட்டு அடியாகக் குறையும். பதினைந்து அடி என்றதும் நம்பாதீர்கள், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து பாருங்கள்.

12. ஒப்படைப்பு

பணி நிறைவுச் சான்று வராமல் குடியேறாதீர்கள், வாடகை போகிறது என்று பில்டர் அவசரப்படுத்தினாலும். குடியேறிவிட்டால் உங்கள் கையில் இருக்கும் கடைசிப் பிடியும் விட்டுப்போகும். வாங்கவேண்டியவை: கட்டியபடியான குழாய், மின் வரைபடங்கள், சோலார் உத்தரவாதம், மோட்டார், லிஃப்ட் ரசீதுகள், எடைச் சீட்டுகள், பசுமைச் சான்றுக்குக் கொடுத்த ஆவணங்களின் முழு நகல்.

மழை அமைப்பை லாரித் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள். மாடியில் 12,000 லிட்டர் லாரி இரண்டைக் காலிசெய்து, சம்ப்புக்கு வருகிறதா, வழிந்தது கிணற்றுக்குப் போகிறதா, கிணற்றில் எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் காலையிலும் நீர் அப்படியே நின்றால், பில்டரின் ஆட்கள் இடத்தில் இருக்கும்போதே ஆழப்படுத்தச் சொல்லவேண்டும். வடிகட்டியைச் செப்டம்பர் கடைசியில் ஒருமுறை, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் பொறுப்பு யாருக்கு என்பதை முதல் பொதுக்குழுவிலேயே பெயர் சொல்லித் தீர்மானமாக எழுதுங்கள், சோலார் தகடு கழுவுவதற்கும் அப்படியே.